திறந்ததை மூடாத கணினிகள்

காரைக்குடியில் ஏதேனும் ஒரு சேவை முகப்பின் முன்னால், வருமானச் சான்றிதழுக்கோ வீட்டு வரி ரசீதுக்கோ நகைக்கடன் வட்டி கட்டுவதற்கோ, கல்லலிலிருந்தும் புதுவயலிலிருந்தும் சாக்கோட்டையிலிருந்தும் காலைப் பஸ்ஸில் வந்து வரிசையில் நிற்கும் ஜனங்கள், தங்கள் முறை வரும் சமயத்தில், “சர்வர் டவுனுங்க, சாப்பாட்டுக்கு மேல வந்து பாருங்க” என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்புவது, யாரும் ஆச்சரியப்படாத அன்றாடச் சம்பவமாகிவிட்டது. சொல்பவரிடம் அலட்சியம் இல்லை; கேட்பவரிடமும் பெரிய கோபம் இல்லை. சர்வர் என்ற ஒன்று எங்கோ தூரத்தில் இருக்கிறது, அது சில நாட்களில் விழும், பிறகு எழும், அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று இரு தரப்பாரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு, மனிதர் எழுதிய ஒரு யந்திரத்தின் குறையைத் தெய்வாதீனமான காரியமாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஒப்புதலைத்தான் இங்கே ஆட்சேபிக்க விரும்புகிறேன்.

சர்வர் விழுவதற்குப் பல காரணங்கள் உண்டு. மின்சாரம் போவதும், பூமிக்கடியில் கேபிள் அறுபடுவதும், டிஸ்க் பழுதடைவதும் நம் வசத்தில் இல்லாதவை என்று வாதத்துக்காக விட்டுவிடுவோம். ஆனால் அடிக்கடி நேர்வதும், சற்று நிதானித்துப் பார்த்தால் எவரும் கண்டுபிடிக்கக்கூடியதும், கண்டுபிடித்தால் நிரந்தரமாக நீக்கக்கூடியதுமான ஒரு காரணம் இருக்கிறது. கணினியில் ஃபைல் ஹேண்டில்கள் தீர்ந்துபோவது என்று அதைத் தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். விஷயம் கேட்பதற்குக் கரடுமுரடாக இருந்தாலும் அதன் தத்துவம் மிக எளிமையானது. வரிசையில் நின்று திரும்பிய ஒருவர் அதை அறிந்துகொள்வதில் நியாயமும் உண்டு, பிரயோஜனமும் உண்டு.

ஒரு புரோகிராம் எந்தக் கோப்பையும் தானே நேரடியாகத் தொடுவதில்லை. இன்ன கோப்பைத் திறந்து கொடு என்று அது இயங்குதளத்தைக் கேட்க, இயங்குதளம் அக்கோப்பைத் திறந்து, புரோகிராமுக்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறது; இந்த எண்தான் ஃபைல் ஹேண்டில். அதற்குப் பின் படிப்பதும் எழுதுவதும் எல்லாம் அந்த எண்ணைச் சொல்லித்தான். யூனிக்ஸ் பரம்பரையில் வந்த இயங்குதளங்களில் 0, 1, 2 என்ற மூன்று எண்கள் புரோகிராம் பிறக்கும்போதே உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பிழைச் செய்திக்குமாக ஒதுக்கப்பட்டுவிடுவதால், அது புதிதாகத் திறக்கும் முதல் கோப்புக்கு 3 கிடைக்கும். வேலை முடிந்ததும் ‘மூடு’ என்று சொல்லி எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; திருப்பிக் கொடுத்த எண் அடுத்த கோப்புக்குப் பயன்படும். இதில் கவனிக்க வேண்டிய விசேஷம், டிஸ்கில் உள்ள கோப்புக்கு மட்டுமல்லாமல், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நெட்வொர்க் தொடர்புக்கும் இதே வரிசையிலிருந்துதான் ஓர் எண் போகிறது என்பதாகும். எனவே முகப்பில் இருப்பவர் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும், எங்கோ ஒரு சர்வரில் ஒன்றோ பலவோ எண்கள் எடுக்கப்பட்டு, திரும்பக் கொடுக்கப்பட வேண்டியவையாகின்றன.

இந்த எண்களுக்கு வரம்பு உண்டு. 1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாவது பதிப்பில் ஒரு புரோகிராம் ஒரே சமயத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகள் இருபதுதான். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் டாஸ் கற்றவர்களுக்கு, கான்ஃபிக் கோப்பில் ‘ஃபைல்ஸ் = 40’ என்று ஒரு வரி எழுதினால்தான் கணக்கு சாஃப்ட்வேர் ஓடும் என்பது நினைவிருக்கும்; அதுவும் இதே வரம்புதான். இன்றைய லினக்ஸில் ஒரு புரோகிராமுக்குச் சாதாரணமாகக் கிடைப்பது 1,024. திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் இயங்குதளம் நினைவகத்தில் சிறிது இடம் ஒதுக்கிக் குறிப்பு வைத்திருக்க வேண்டியிருப்பதாலும், தறிகெட்டுப்போன ஒரே புரோகிராம் யந்திரம் முழுவதையும் விழுங்கிவிடாதபடி மற்றவற்றைக் காக்க வேண்டியிருப்பதாலும், இந்த வரம்பு விவேகமாக வைக்கப்பட்டதே தவிர, கஞ்சத்தனத்தால் வைக்கப்பட்டதன்று.

இனி, சான்றிதழ் அச்சிடும் ஓர் அலுவலகத்தை மனத்தில் கொள்வோம். ஒவ்வொரு சான்றிதழின் தலைப்பிலும் அரசு முத்திரை அச்சாக வேண்டும். அதற்காக முத்திரைப் படம் அடங்கிய கோப்பைப் புரோகிராம் திறக்கிறது, படத்தை எடுத்துக்கொள்கிறது, பக்கத்தை அச்சுயந்திரத்துக்கு அனுப்புகிறது, பிறகு கோப்பை மூடுகிறது. எழுதியவர் இதைத் தம் மேஜையில் பல முறை சோதித்துப் பார்த்திருப்பார். ஒவ்வொரு முறையும் சரியாகவே நடந்திருக்கும். ஆனால் அச்சுயந்திரத்தில் காகிதம் தீர்ந்திருக்கும் வேளையில் என்ன நேர்கிறது? பக்கத்தை அனுப்பும் கட்டத்திலேயே பிழை எழுகிறது. புரோகிராம் அந்த இடத்திலேயே வேலையைக் கைவிட்டு, ‘அச்சிட இயலவில்லை’ என்று திரையில் காட்டித் திரும்பிவிடுகிறது. மூடு என்ற கட்டளை அதற்கு அடுத்த வரியில் இருக்கிறபடியால் அந்த வரி ஓடவே இல்லை. முகப்பில் இருப்பவர் காகிதக் கட்டைப் பிரித்து வைத்து மறுபடி பொத்தானை அழுத்துகிறார், சான்றிதழ் வருகிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் முதல் முறை திறந்த கோப்பு திறந்தபடியே கிடக்கிறது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே சர்வர் என்றால், எத்தனை முகப்புகள், எத்தனை அச்சுயந்திரங்கள், நாளொன்றுக்கு எத்தனை முறை காகிதம் தீரும் என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மூடப்படாத கோப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 1,024 என்ற எல்லையைத் தொடும் நிமிஷத்தில், அதுவரை சிறு குறையும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த சர்வர் அடுத்து வரும் யாருக்கும் கதவைத் திறக்க மறுக்கிறது.

இந்த வியாதியின் லட்சணம் மிகவும் ஏமாற்றக்கூடியது. ‘திறந்த கோப்புகள் மிக அதிகம்’ என்ற நேரான செய்தி, லினக்ஸில் 24ஆம் எண் பிழையாக வருவது, கண்ணில் பட்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் அது கண்ணில் படுவதில்லை. டேட்டாபேஸோடு பேச ஒரு தொடர்பு வேண்டும், தொடர்புக்கு ஓர் எண் வேண்டும், எண் இல்லை. ஆகவே டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்று செய்தி வருகிறது. இன்னொரு சர்வரின் முகவரியைத் தேடுவதற்கும் எண் வேண்டும். அதுவும் இல்லாதபோது அந்தப் பெயருடைய சர்வரே கிடையாது என்று செய்தி வருகிறது. நேர்ந்ததை எழுதி வைக்கும் லாக் கோப்பையே புதிதாகத் திறக்க முடியாமல் போவதும் உண்டு. அப்போது செய்தி எதுவும் வருவதில்லை. இவற்றைப் பார்த்த ஊழியர் நெட்வொர்க் கம்பெனியைக் கூப்பிடுகிறார். அவர்கள் டேட்டாபேஸ்காரர்களைக் கைகாட்டுகிறார்கள். அவர்கள் சாஃப்ட்வேர் எழுதியவர்களிடம் அனுப்புகிறார்கள். இந்தச் சுற்று முடிவதற்குள் யாரோ ஒருவர் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய, புரோகிராம் செத்துப் பிறந்ததால் அது பிடித்து வைத்திருந்த எண்கள் யாவும் விடுபட்டு, எல்லாம் சௌகரியமாக ஓடத் தொடங்குகிறது. வந்த காரணமும் தெரியவில்லை, போன காரணமும் தெரியவில்லை.

இங்கேதான் நம் அலுவலகங்களில் இரண்டு கெட்ட வழக்கங்கள் வேரூன்றின. ஒன்று, தினந்தோறும் நடுநிசியில் சர்வரைத் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி ஏற்பாடு செய்துவிடுவது. மற்றொன்று, 1,024 என்ற வரம்பை 65,536 என்று உயர்த்திவிட்டுப் பிரச்னை தீர்ந்தது என்று கடிதம் எழுதுவது. இரண்டாவதன் விபரீதத்தைச் சற்று யோசிக்க வேண்டும். புதிய வரம்பு பழையதைப் போல 64 மடங்கு. நாளுக்கு ஒரு முறை விழுந்துகொண்டிருந்த சர்வர் இனிமேல் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு முறை விழும். இரண்டு மாதம் விழாமல் இருந்தால் எல்லோரும் அது குணமாகிவிட்டது என்றே நம்புவார்கள். மாற்றம் செய்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில், சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் பெற்றோர்கள் மொய்க்கும் நாளில் அது மறுபடி விழும்போது, பழைய சம்பவத்தை நினைவுகூர ஒருவரும் இருக்க மாட்டார்கள். வரம்பை உயர்த்துவதில் வேறொரு அபாயமும் உண்டு. ‘செலக்ட்’ என்ற பழைய வசதியைக் கையாளும் புரோகிராம்கள் 1,023க்கு மேற்பட்ட எண்ணைத் தாங்கும்படி எழுதப்பட்டவை அல்ல. அதைவிடப் பெரிய எண் வந்தால் அவை தங்கள் நினைவகத்தையே குலைத்துக்கொள்ளக்கூடும். லினக்ஸ் யந்திரங்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி 2018 டிசம்பரில் தன் 240ஆம் பதிப்பில் மேல்வரம்பை 5,24,288 ஆக உயர்த்தியபோது, புரோகிராம் தானாகக் கேட்டுப் பெற்றாலொழிய அதற்குக் கிடைக்கும் சாதாரண வரம்பை 1,024இலேயே நிறுத்திவைத்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

வரம்பை உயர்த்துவது பரிகாரமாகாது என்பதைச் செட்டிநாட்டார் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளிலும் இருந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் லேவாதேவிக் கடைகளில், மூன்று வருஷக் கெடுவுக்குப் போன ஏஜெண்டு, கெடு முடிந்ததும் கணக்கை முடித்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்து, ஊரிலுள்ள முதலாளிக்கு ஐந்தொகை காட்டிய பிறகே நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தார். பற்று எழுதிய இடத்தில் வரவு எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐந்தொகை நேராகாவிட்டால், விட்டுப்போன பதிவு எது, எந்தத் தேதியில், யார் கையில் என்று குறிப்பையும் பேரேட்டையும் ஏடு ஏடாகப் புரட்டித் தேடினார்களேயன்றி, இன்னும் பெரிய பேரேடு ஒன்று வாங்கிக்கொண்டு அத்துடன் விஷயத்தை முடித்துக்கொள்ளவில்லை. கோப்பு எண்களின் வரம்பை உயர்த்துவது பெரிய பேரேடு வாங்குவதுதான்.

தேடுவது கடினமான காரியமா என்றால், அதுவும் இல்லை. லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் எண் உண்டு. ‘ப்ராக்’ என்ற அடைவுக்குள் அந்த எண்ணின் பெயரில் ஓர் உள்ளடைவு இருக்கும். அதற்குள் ‘எஃப்டி’ என்ற இடத்தில், அந்தப் புரோகிராம் அந்த நிமிஷத்தில் திறந்து வைத்திருப்பவை யாவும், எந்த எண் எந்தக் கோப்புக்கு என்று அம்புக்குறி போட்டு, வரிசையாக நிற்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டர் ஏபெல் எழுதிய ‘எல்எஸ்ஓஎஃப்’ என்ற கருவி இதே பட்டியலை இன்னும் விளக்கமாகக் கொடுக்கும். பட்டியலை எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். கூட்டம் ஏறும்போது தொகை ஏறி, கூட்டம் வடிந்ததும் தொகை இறங்கினால் அது நியாயமான தேவை. அந்த யந்திரத்துக்கு வரம்பு உண்மையிலேயே போதவில்லை என்றால் அளந்து பார்த்து உயர்த்துவதில் தவறில்லை. கூட்டம் வடிந்த பின்னும் தொகை இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அது கசிவு. பிறகு, பட்டியலில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். முத்திரைப் படக் கோப்பின் பெயர் வரிக்கு வரி நூற்றுக்கணக்கில் நிற்குமானால், மூலகாரணம் எழுத்து வடிவில் கண் முன்னே வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோப்பைத் திறக்கும் இடத்தைப் புரோகிராமில் தேடி எடுப்பது கால் மணி நேர வேலை. கோப்புகளுக்குப் பதிலாக ‘க்ளோஸ் வெயிட்’ என்ற நிலையில் நெட்வொர்க் தொடர்புகள் குவிந்திருந்தால், எதிர்முனையில் இருந்தவர் பேச்சை முடித்துக்கொண்டு போய்விட்டார், நம் புரோகிராம் மட்டும் தன் பக்கத்தை மூடாமல் வைத்திருக்கிறது என்று பொருள். அப்போது குறை நம்முடையதே தவிர, எதிர்முனையில் அல்ல.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இந்தப் பட்டியலை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பது. ரீஸ்டார்ட் செய்தவுடன் பட்டியல் அழிந்துவிடும். வரிசையில் நிற்பவர்களை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியுமா என்று கேட்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் பட்டியலைத் தனிக் கோப்பில் சேமிக்க ஒரு நிமிஷம் போதும்; அந்த ஒரு நிமிஷத்துக்குப் பின் தாராளமாக ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம், ஆராய்ச்சியை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய சங்கடம் நம்மைப் போன்ற சிற்றூர்களுக்கு மட்டுமே உரியது என்று யாரும் தாழ்வாக எண்ண வேண்டாம். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கம்பெனிகள் பலவும் உபயோகிக்கும் ஸ்லாக் என்ற செய்திப் பரிமாற்றச் சேவை, 2021 ஜனவரி 4ஆம் தேதி, புத்தாண்டு விடுமுறை முடிந்து அமெரிக்கர்கள் வேலைக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமை காலையில், நமக்கு இரவு எட்டரை மணி அளவில், முடங்கியது. அடித்தளத்தில் இருந்த அமேசான் நெட்வொர்க் திடீரென்று பெருகிய போக்குவரத்தைச் சமாளிக்க முடியாமல் தடுமாற, ஸ்லாக்கின் வெப் சர்வர்கள் பதிலுக்குக் காத்துக் கிடக்க, இன்னும் சர்வர்கள் வேண்டும் என்று தானியங்கி ஏற்பாடு தீர்மானித்து, அந்நாட்டுப் பசிபிக் நேரம் 7.01க்கும் 7.15க்கும் இடையில் 1,200 சர்வர்களைச் சேர்க்க முற்பட்டது. புதிய சர்வர்களுக்கு வேண்டியவற்றை அமைத்துக் கொடுத்து வேலைக்குத் தயாராக்குவது வேறொரு உட்சேவையின் பொறுப்பு. இத்தனை சர்வர்கள் ஒரே சமயத்தில் வந்து கேட்டதும் அந்த உட்சேவை இரண்டு வரம்புகளில் மோதி நின்றது; அவற்றுள் பிரதானமானது, லினக்ஸில் திறந்த கோப்புகளுக்கு உரிய வரம்பு. யந்திரங்கள் வந்தன, ஆனால் பெரும்பாலானவை வேலைக்குத் தயாராகவில்லை. போதாக்குறைக்கு, எங்கே என்ன நடக்கிறது என்று காட்டும் கண்காணிப்புத் திரைகளும் அதே நெட்வொர்க் கோளாறால் கிடைக்காமல் போயின. உலகப் புகழ் பெற்ற பொறியாளர்கள், அளவற்ற பணம், அமேசானின் தரவு மையங்கள் எல்லாம் இருந்தும், ஒரே சமயத்தில் திறந்து நின்ற எண்களின் வரிசை அவர்களையும் தடுத்தது.

ஆனால் அவர்கள் அதற்குப் பின் செய்த காரியம் நம்மிடையே இல்லாதது. சில வாரங்களுக்குள், எந்த நிமிஷத்தில் எது நடந்தது, தாங்கள் எங்கே தவறான அனுமானம் செய்தோம், எந்த வரம்பு எந்தச் சேவையைத் தடுத்தது என்று யாவற்றையும் விரிவாக எழுதி உலகறிய வெளியிட்டார்கள். ஸ்லாக் முடங்குவதற்கு ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு முன்பு, 2020 நவம்பர் 25ஆம் தேதி, வட வர்ஜீனியாவில் அமேசானின் கினெசிஸ் சேவை நாள் முழுவதும் முடங்கியபோதும் இப்படியே நடந்தது. அங்கே தீர்ந்துபோனது கோப்பு எண் அல்ல, அதன் நெருங்கிய உறவான ‘த்ரெட்’ எனப்படும் செயலிழைகளின் வரம்பு. ஒவ்வொரு சர்வரும் மற்ற எல்லாச் சர்வர்களுடனும் பேச ஓர் இழை வைத்திருந்தபடியால், புதிதாகச் சில சர்வர்களைச் சேர்த்ததும் எல்லாச் சர்வர்களும் ஒருசேர வரம்பைத் தாண்டின. வரம்பை உயர்த்திவிடுவது அமேசான்காரர்களுக்குக் கைக்கெட்டிய வழிதான். ஆயினும் சோதித்துப் பாராமல் அதைத் தொட மாட்டோம் என்று நிதானித்து, சேர்த்தவற்றை நீக்கி, சர்வர்களைச் சிறுசிறு பகுதிகளாக எழுப்பி, அந்நாட்டுப் பசிபிக் நேரம் இரவு 10.23க்குத்தான் முழுவதும் சரிசெய்தார்கள். பணம் கொட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அப்படி நிதானித்தது சாமானியமான மனத்திடம் அன்று என்பது என் அபிப்பிராயம்.

ரீஸ்டார்ட் செய்வதையே பரிகாரமாக எண்ணுபவர்கள் ‘ஸ்பிரிட்’ ஊர்தியின் சரித்திரத்தை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2003 ஜூன் 10ஆம் தேதி புறப்பட்டு, 2004 ஜனவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய நாசாவின் அந்த ஊர்தி, ஜனவரி 21ஆம் தேதி திடீரென்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திக்கொண்டது. பயணக் காலத்திலிருந்தே அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் நீக்கப்படாமல் சேர்ந்து வந்தன. அவற்றின் பட்டியலை ஏற்றி வைக்கவே நினைவகம் போதாமல் போக, கணினி தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டது. எழுந்தவுடன் முதல் வேலையாக அதே பட்டியலை ஏற்ற முயன்று மறுபடி விழுந்தது. இப்படி அறுபது முறைக்கு மேல் எழுந்து விழுந்து, இரவில் உறங்கி மின்கலத்தைச் சேமிக்க வேண்டிய யந்திரம் உறங்காமலே சக்தியைச் செலவழித்துக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து கலிபோர்னியாப் பொறியாளர்கள் காரணத்தை ஊகித்து, ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே எழுந்திரு என்று கட்டளை அனுப்பி, வேண்டாத கோப்புகளை நீக்கி, அதை மீட்டார்கள். தொண்ணூறு நாள் வேலைக்கென்று அனுப்பப்பட்ட அந்த ஊர்தி 2010 மார்ச் வரை பூமியுடன் பேசிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டாத கிரகத்தில் உள்ள யந்திரத்துக்குக் காரணம் கண்டுபிடித்து வைத்தியம் செய்ய முடிந்திருக்கும்போது, சிவகங்கையிலோ சென்னையிலோ குளிரூட்டிய அறையில் இருக்கும் யந்திரத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று சொல்வதை எப்படி ஏற்பது?

காரணத்தைத் தேடுவது காரைக்குடிக்கு அந்நியமான வித்தையும் அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்ததால், 1948 ஜூலை 25ஆம் தேதி பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, கடல் காற்றில் எந்த உலோகம் எவ்வளவு காலம் தாங்கும் என்று மண்டபம் என்னும் கடலோர ஊரில் பரிசோதனைக் கூடம் வைத்து ஆராய்ந்து வருபவர்கள் அவர்கள். இற்றுப்போன கம்பியைக் கண்டால் புதுக் கம்பி மாற்றுவதோடு நில்லாமல், இற்றதற்குக் காரணம் எழுதி வைக்கும் சம்பிரதாயம் இந்த மண்ணில் எழுபது வருஷமாக நிலவுகிறது. அதே வள்ளலின் பெயரால் 1952 முதல் பொறியியல் கல்லூரியும், 1985 முதல் பல்கலைக்கழகமும் இங்கே நடக்கின்றன. இவற்றிலும் இவற்றைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் கணினி பயிலும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளிவருகிறார்கள். கணினிப் படிப்பில் பொதுவாக, ஓடாத புரோகிராமை ஓடவைப்பதற்குக் கொடுக்கப்படும் சிரத்தையில், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஏன் நின்றது என்று ஆராய்வதற்குக் கால் பங்குகூடக் கொடுக்கப்படுவதில்லை என்பது என் குறை. மாணவனின் கையில் கசியும் புரோகிராம் ஒன்றைக் கொடுத்து, அது விழும்வரை காத்திருந்து, எதனால் விழுந்தது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லும் ஒரு செய்முறைத் தேர்வு, பத்துப் புதிய புரோகிராம்கள் எழுதச் சொல்வதைவிட அவனுக்கும் நாட்டுக்கும் பயன் தரும்.

எழுதுபவர்களுக்கு வசதி இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பிழை எழுந்தாலும் எழாவிட்டாலும் திறந்த கோப்பைத் தானாகவே மூடிவிடும் ஏற்பாடு பைத்தான் மொழியில் 2006 முதலும் ஜாவா மொழியில் 2011 முதலும் இருக்கிறது. ஒரு வரியை வேறு விதமாக எழுதினால் போதும். அந்த ஒரு வரியைச் சரியாக எழுதாததன் கூலியை, பஸ் சார்ஜும் ஒரு நாள் சம்பளமும் இழந்து திரும்பும் கூலித் தொழிலாளி கொடுக்கிறார். இதை நினைக்கும்போது என் மனம் பொறுப்பதில்லை.

ஆகவே பொதுமக்களுக்குச் சேவை செய்யும் ஸ்தாபனங்கள், அரசுடையதாயினும் கூட்டுறவாயினும் தனியாருடையதாயினும், சாஃப்ட்வேர் வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்க்க வேண்டும்: சேவை ஒரு மணி நேரத்துக்கு மேல் முடங்கினால், எதனால் முடங்கியது, மீண்டும் முடங்காதிருக்க எந்த வரி திருத்தப்பட்டது என்று, எழுதிக் கொடுத்தவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், ‘ரீஸ்டார்ட் செய்யப்பட்டது’ என்பதும் ‘வரம்பு உயர்த்தப்பட்டது’ என்பதும் விளக்கமாக ஏற்கப்படமாட்டா. அந்த விளக்கத்தைத் தமிழில் சுருக்கி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். இதற்குச் செலவு ஒரு தாள்.

முகப்பில் அமர்ந்திருக்கும் ஊழியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திரையில் வரும் பிழைச் செய்தியை மூடிவிடுவதற்கு முன்னால், அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, தேதியும் நேரமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காரணத்தைத் தேடுபவருக்கு உங்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வரிசையில் நிற்கும் வாசகர்களும், சர்வர் டவுன் என்ற பதிலைக் கேட்டதும் திரும்பிவிடாமல், திரையில் என்ன செய்தி வந்தது, போன தடவைக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.